கருவின் மூளையும் மருந்தும் நஞ்சும்: எந்த நாளில், எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு?

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் டைலெனால் சாப்பிட வேண்டாம் என்று வெள்ளை மாளிகையில் அறிவித்தார். டைலெனால் என்பது பாரசிட்டமாலின் அமெரிக்க வணிகப் பெயர். கர்ப்ப காலத்தில் அதை எடுத்தால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்பது அவர் சொன்ன காரணம். ஓரிரு நாளிலேயே உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து முகமையும், அப்படிச் சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை என்றன. காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு கர்ப்பிணி இதில் யார் பேச்சைக் கேட்பது?

குழப்பம் இந்த ஒரு மாத்திரையோடு நிற்பதில்லை. கருவின் மூளையைக் கெடுக்கும் பொருள்களைக் கண்டுபிடிப்பதில் மருத்துவ உலகம் இரண்டு பக்கமும் சறுக்கியிருக்கிறது. ஈயமும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தும் மூளையைப் பாதிக்கின்றன என்று உறுதியாகப் பல பத்தாண்டுகள் ஆயின. கொகெய்ன் என்ற போதைப்பொருள் விஷயத்தில் நேர்மாறு. விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறையே பாழ் என்று தீர்ப்பெழுதினார்கள். இரண்டு சறுக்கலுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான்: கை இல்லாமல் பிறந்தால் அன்றே தெரியும், மூளையில் ஏற்பட்ட குறை, குழந்தை பேசும் வயதிலோ பள்ளிக்கூடம் போகும் வயதிலோதான் தெரியும். அதற்குள் வேறு நூறு காரணங்கள் இடையில் புகுந்துவிடும்.

ஆகவே "இது ஆபத்தா, இல்லையா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த நாளில் உடலுக்குள் போனது, எவ்வளவு போனது, எதோடு ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

மூளை உருவாகும் வரிசை

வளர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. இவை ஒரு வரிசைப்படி உருவாகின்றன. கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டாலும், தொடங்கும் வரிசை மாறாது.

1. நரம்புக்குழாய் மூடுதல். கருத்தரித்த மூன்றாம் வாரத்தில், கருவின் முதுகுப்பக்கத்தில் தட்டையாக இருக்கும் ஓர் உயிரணு அடுக்கு மடிந்து குழாயாகத் தொடங்குகிறது. 28ஆம் நாள் வாக்கில் அதன் இரு முனைகளும் மூடிவிட வேண்டும். கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. மேல்பக்கம் மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாமலே போய்விடும். மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போதே இந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது. பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

2. அணுக்கள் பெருகுதல். குழாயின் உட்சுவரை ஒட்டியுள்ள மூல அணுக்கள் பிரிந்து பிரிந்து நரம்பணுக்களை உருவாக்குகின்றன. பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் முதல் பாதியை ஒட்டிப் பிறந்துவிடுகின்றன.

3. இடம்பெயர்தல். பிறந்த நரம்பணு அங்கேயே தங்குவதில்லை. தனக்குரிய அடுக்குக்கு நகர்ந்து போகிறது. வழியில் நின்றுவிட்டால் தவறான இடத்தில் ஒரு கூட்டமாகத் தங்கிவிடும். பின்னாளில் வலிப்புக்கு அதுவே காரணமாகலாம்.

4. இணைப்புகள். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகள், அதாவது சினாப்சுகள், கர்ப்பத்தின் பிற்பகுதியிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும் ஏராளமாக உருவாகின்றன. பிறகு பயன்படாதவை கழித்துவிடப்படுகின்றன. இந்தக் கழித்தலும் வளர்ச்சிதான்.

5. மயலின் உறை. நரம்பு இழைகளின்மேல் கொழுப்பு உறை படிந்து செய்தி வேகமாகப் போக வழி செய்கிறது. இது இருபது வயதைத் தாண்டியும் நடக்கும் வேலை.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். ஒரே பொருள் 25ஆம் நாளில் செய்யும் கேடு வேறு, 25ஆம் வாரத்தில் செய்யும் கேடு வேறு. அப்புறம், பிரசவத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. தவழும் குழந்தையின் மூளையும் கட்டி முடிக்கப்படாத மூளைதான்.

நஞ்சுக்கொடி எதைத் தடுக்கும்?

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை என்பது சரி. அதனால் நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது தவறு. மூலக்கூறு சிறியதாகவும் கொழுப்பில் கரையக்கூடியதாகவும் இருந்தால் தாராளமாகக் கடந்துவிடும். மது, நிக்கோட்டின், பாரசிட்டமால், பெரும்பாலான மனநல மருந்துகள் எல்லாம் இந்த ரகம். இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் நடைமுறையில் கடப்பதில்லை. கர்ப்ப காலத்தில் அவற்றைத் தயங்காமல் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில நஞ்சுகள் கள்ளச் சீட்டில் நுழைகின்றன. மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்போது, உடலுக்குத் தேவையான மெத்தியோனின் போலவே தோற்றம் கொள்கிறது. சத்துகளைச் சுமந்து செல்லும் புரதம் இதையும் சுமந்து போய் மறுபக்கம் சேர்க்கிறது. விளைவு: தாயின் ரத்தத்தில் இருப்பதைவிட தொப்புள்கொடி ரத்தத்தில் சராசரியாக 1.7 மடங்கு பாதரசம்.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது இதுதான். சிஸ்ஸோ ஆலை கடலில் விட்ட கழிவிலிருந்து பாதரசம் மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் போனது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நடக்கவும் பேசவும் முடியாமல் வளர்ந்த குழந்தைகளின் தாய்மார்கள் பலர் ஏறக்குறைய நலமாகவே இருந்தார்கள். அதனால் கருவிலேயே பாதிப்பு ஏற்பட்டது என்பதை ஏற்க ஆண்டுகள் பிடித்தன. அங்கே குடும்பங்கள் குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்திப் பாதுகாத்து வைப்பது வழக்கம். பின்னாளில் அந்தத் துண்டுகளை ஆய்வகத்தில் அளந்தபோது, யார் கருவில் இருந்த ஆண்டில் எவ்வளவு பாதரசம் உள்ளே போனது என்ற கணக்கு கிடைத்தது. ஆலைக் கழிவு நின்றது 1968இல்தான்.

நாள் கணக்கைக் கற்றுக்கொடுத்த மருந்து

தாலிடோமைடு 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும் மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில் அது சந்தைக்கு வரவே இல்லை. உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃபிரான்சஸ் கெல்சி, கொடுத்த தரவு போதாது என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கருத்தரித்த 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரைதான் அந்த மருந்துக்கு வாசல் திறந்திருந்தது. அந்தப் பதினாறு நாளிலும் வரிசை உண்டு. தொடக்கத்தில் எடுத்தால் காது பாதிக்கும், அடுத்து கை, பிறகு கால். இந்த இடைவெளிக்கு முன்போ பின்போ எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கை கால் குறை வரவில்லை.

பலரும் அறியாத பகுதி ஒன்று உண்டு. சுவீடனில் தாலிடோமைடால் பாதிக்கப்பட்ட 100 பேரை, அவர்கள் வளர்ந்த பிறகு ஆராய்ந்தார்கள். முடிவு 1994இல் வெளியானது. குறைந்தது நான்கு பேருக்கு ஆட்டிசம் இருந்தது. அன்றைய கணக்கில் அது மிக அதிகம். அந்த நால்வரும் கருவில் 20 முதல் 24ஆம் நாளுக்குள் மருந்தைப் பெற்றவர்கள். காதிலும் முக நரம்பிலும் குறை இருந்தது. மூளைத்தண்டின் முதல் நரம்பணுக்கள் பிறக்கும் நேரம் அது. ஆட்டிசத்தின் வேர் இவ்வளவு முன்னதாகக்கூட இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்த சான்று இது. குழந்தைகள் பிறந்து முப்பது ஆண்டுக்குப் பிறகு கிடைத்த சான்று.

வால்ப்ரோயேட்: முதுகெலும்பு முதலில், மூளை கடைசியில்

வால்ப்ரோயிக் அமிலம் 1882இல் தயாரிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் மற்ற பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு மருந்துகளை இதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குவதைப் பார்த்தார்கள். அப்போதுதான் வேலை செய்வது கரைசல்தான் என்று புரிந்தது. 1967இல் மருந்தாக வந்தது. நல்ல மருந்து, சந்தேகமில்லை. சில வகை வலிப்புகளுக்கு இதைவிடச் சிறந்தது இன்றும் கிடையாது.

முதல் எச்சரிக்கை 1982இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து வந்தது. அங்கிருந்த பிறவிக்குறைப் பதிவேட்டில், தண்டுவடப் பிளவோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில் வால்ப்ரோயேட் எடுத்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகமாக இருந்தார்கள். பொதுவாக ஆயிரத்தில் ஒரு குழந்தை அளவில் இருக்கும் அந்தக் குறை, இந்த மருந்தோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்குப் போகிறது.

அறிவு வளர்ச்சியைப் பற்றிய உறுதியான எண்கள் வர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வலிப்புள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, குழந்தைகளை 3 வயதிலும் 6 வயதிலும் சோதித்த ஆய்வின் ஆறு வயது முடிவு 2013இல் வெளியானது. சராசரியை 100 என்று வைத்து அளக்கும் ஐக்யூ, மருந்துவாரியாக இப்படி இருந்தது:

- வால்ப்ரோயேட்: 97
- கார்பமசெபின்: 105
- லாமோட்ரிஜின்: 108
- ஃபெனிட்டாயின்: 108

இந்த ஒப்பீட்டை நிதானமாகக் கவனியுங்கள். நான்கு பிரிவிலும் தாய்க்கு வலிப்பு இருந்தது; எல்லோரும் மருந்து எடுத்தார்கள். ஆகவே "வலிப்பு நோயே காரணமாக இருக்கலாமே" என்ற வாதம் இங்கே எளிதில் எடுபடாது. மருந்தின் அளவு கூடக் கூட ஐக்யூ இறங்கியது வால்ப்ரோயேட்டில் தெளிவாகத் தெரிந்தது. அதே 2013இல் டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளிலிருந்து வந்த கணக்கு: பொதுவாகக் குழந்தைகளில் 1.53 விழுக்காடாக இருந்த ஆட்டிச வகைக் குறைபாடு, கருவில் வால்ப்ரோயேட் பெற்றவர்களில் 4.42 விழுக்காடு.

எப்படி நடக்கிறது? மரபணு இழைகள் ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிச் சுருண்டிருக்கும். சுருள் இறுகினால் அந்த மரபணு பேசாது, தளர்ந்தால் பேசும். இறுக்கும் வேலையைச் செய்யும் நொதியை வால்ப்ரோயேட் முடக்குகிறது என்று 2001இல் கண்டார்கள். எந்த மரபணு எந்த நாளில் பேச வேண்டும் என்ற ஒழுங்கில்தான் கருவின் வளர்ச்சியே இருக்கிறது. அதில் கை வைத்தால் பல கட்டங்களும் ஆட்டம் காணும்.

2018இல் ஐரோப்பிய மருந்து முகமை, கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதானால் கர்ப்பத் தடுப்பு ஏற்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. மருந்து வந்தது 1967இல் என்பதை மறுபடி ஒருமுறை நினைவில் கொள்ளலாம்.

ஈயம்: குறைந்த அளவு என்று ஆறுதல் கொள்ள முடியாது

நஞ்சு என்றால் அளவு கூடினால்தான் ஆபத்து என்பது பொதுப்புத்தி. பெரும்பாலும் சரிதான். ஈயத்தில் கணக்கு கொஞ்சம் வேறு.

ஈய அயனி கால்சியம் அயனியைப் போலவே நடந்துகொள்ளும். கால்சியத்துக்கான வாசல்கள் வழியே நரம்பணுவுக்குள் போய், செய்திப் பரிமாற்றத்தைக் குழப்பும். கற்றலுக்கும் நினைவுக்கும் அடிப்படையான என்எம்டிஏ ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் செய்தியை வாங்கும் புரதங்களை, முடக்கும். எந்தச் சினாப்சு நிலைக்க வேண்டும், எது கழிய வேண்டும் என்ற தேர்வு அங்கேயே பிசகுகிறது. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். சிறு குழந்தைக்கு அது பாதியை எட்டலாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். கருவில் இருக்கும்போதோ தாயின் பழைய கணக்கும் சேர்ந்துகொள்ளும். உடலில் தங்கும் ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். கர்ப்பத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது ஈயமும் கூடவே இறங்கி வரும்.

இதை நிரூபித்ததில் விழுந்த பால்பற்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரத்தத்தில் உள்ள ஈயம் அண்மை வாரங்களைத்தான் காட்டும். பல்லின் உட்பகுதியோ ஆண்டுக்கணக்கான சேர்மானத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் பற்களைச் சேகரித்து, ஈயம் மிகுந்தவர்களையும் குறைந்தவர்களையும் ஒப்பிட்டு 1979இல் முடிவை வெளியிட்டார். எந்த நோய்க்குறியும் இல்லாத, நன்றாக ஓடியாடும் குழந்தைகள். ஆனால் ஈயம் மிகுந்தவர்களின் ஐக்யூ குறைவு, கவனமும் குறைவு. ஈயத் தொழிலின் பக்கம் நின்றவர்கள் அவர்மேல் ஆய்வு மோசடிக் குற்றச்சாட்டுகூடக் கொண்டுவந்தார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை.

2005இல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது கிடைத்த வடிவம்தான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் உள்ள ஈயத்தின் மைக்ரோகிராம் கணக்கு இது:

1. 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது ஐக்யூவில் 3.9 புள்ளி இழப்பு.
2. 10இலிருந்து 20க்கு ஏறும்போது மேலும் 1.9 புள்ளி.
3. 20இலிருந்து 30க்கு ஏறும்போது மேலும் 1.1 புள்ளி.

அதாவது முதல் சில மைக்ரோகிராம்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. அமெரிக்காவில் கவலைப்பட வேண்டிய அளவு என்று 1960களில் வைத்திருந்தது 60, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கண்டறியப்படவில்லை என்பதுதான் இப்போதைய நிலை.

நான்கு புள்ளி ஐக்யூ போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு குழந்தையைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். மக்கள்தொகையாகப் பார்த்தால் கதை மாறுகிறது. சராசரி 100, வழக்கமான பரவல் என்று வைத்துக்கொண்டால் 70க்குக் கீழே இருப்பவர்கள் 2.3 விழுக்காடு. எல்லோருக்கும் ஐந்து புள்ளி குறைந்தால் அது 4.8 விழுக்காடாகிறது. பத்துக் கோடிப் பேர் உள்ள நாட்டில் 23 லட்சம் என்பது 48 லட்சமாகும். மறுமுனையில் 130க்கு மேல் இருப்பவர்கள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள். எந்த ஒரு பெற்றோரும் தன் குழந்தையைக் காட்டி "இது ஈயத்தால்" என்று சொல்ல முடியாது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மட்டும் சுமையை உணரும்.

போன பிறகு மீட்க முடியுமா? ரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கும் சக்சிமர் மருந்தை 780 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2001இல் வந்தது. ஈய அளவு இறங்கியது, அறிவுத்திறன் ஏறவில்லை. ஆக, வராமல் தடுப்பது ஒன்றே வழி. வாகன பெட்ரோலில் ஈயம் கலப்பது உலகின் கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021இல்தான் முடிவுக்கு வந்தது. பழைய பெயிண்ட், முறைப்படி நடக்காத பேட்டரி மறுசுழற்சி, மாசுபட்ட மண் இவை இன்னும் மிச்சம்.

மது

இதில் அதிகம் விவாதிக்க இடமில்லை. 1968இல் பிரான்சிலும் 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலிலும் மருத்துவர்கள் ஒரே சாயலுள்ள குழந்தைகளை விவரித்தார்கள்: சிறிய கண் திறப்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் இல்லாமை, மெல்லிய மேலுதடு, சிறிய தலை. தாய்மார்கள் அனைவரும் மிகுதியாக மது அருந்தியவர்கள். முகச்சாயல் ஆரம்ப வாரங்களில் குடித்ததன் தடம். முகம் இயல்பாக இருந்தும் மூளை பாதிக்கப்பட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். மது நரம்பணுக்களின் இரு முக்கிய ஏற்பிகளை ஒரே நேரத்தில் தொந்தரவு செய்கிறது. இணைப்புகள் உருவாகும் காலத்தில் அந்தத் தொந்தரவு நரம்பணுக்களைத் தற்கொலைக்குத் தள்ளும். கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு நிறுவப்படவில்லை.

அவசரத் தீர்ப்பு: கொகெய்ன்

1980களின் நடுவில் அமெரிக்காவில் "கிராக் குழந்தைகள்" என்று ஒரு பீதி கிளம்பியது. கிராக் என்பது புகைக்கும் வடிவிலான கொகெய்ன். 1985இல் வெளியான, கொகெய்ன் பயன்படுத்திய 23 பெண்களைப் பற்றிய ஒரு சிறு ஆய்வு அதற்குத் தீனியானது. இந்தக் குழந்தைகள் சிரிக்க மாட்டார்கள், படிக்க மாட்டார்கள், ஒரு தலைமுறையே தொலைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. தாய்மார்கள் சிறைக்குப் போனார்கள். சார்ல்ஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனை, கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதமின்றிச் சோதித்துக் காவல்துறைக்குக் கொடுத்தது. அது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989இல் வேறு விதமாகத் தொடங்கினார். 224 குழந்தைகள். பாதிப் பேர் கருவில் கொகெய்ன் பெற்றவர்கள். மீதிப் பேர் பெறாதவர்கள். இரு பிரிவும் அதே நகரின் ஏழைக் குடும்பங்கள். நான்கு வயதில் சோதித்தபோது கொகெய்ன் பிரிவின் சராசரி ஐக்யூ 79.0. கொகெய்ன் இல்லாத பிரிவு 81.9. வித்தியாசம் சொற்பம். ஆனால் இரண்டுமே நாட்டின் சராசரியைவிட வெகு கீழே. பிறகு இரு பிரிவுக் குழந்தைகளையும் அவர்கள் பார்த்தது கேட்டது பற்றி விசாரித்தார்கள். ஏழு வயதுக்குள் 74 விழுக்காட்டினர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 35 விழுக்காட்டினர் ஒருவர் சுடப்படுவதை நேரில் பார்த்திருந்தார்கள்.

ஒப்பிட இரண்டாவது பிரிவு இல்லாமல் இருந்திருந்தால் 79 என்ற எண்ணைக் காட்டி முழுப்பழியையும் கொகெய்ன்மேல் போட்டிருப்பார்கள். கொகெய்ன் சாதுவானது என்று இதற்குப் பொருள் இல்லை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குறைப்பிரசவம், எடைக்குறைவு எல்லாம் உண்மை. மூளையைப் பற்றிச் சொன்ன கதைதான் ஊதிப் பெருக்கப்பட்டது. ஒரு காரணத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் இன்னொரு காரணத்தை ஆய்வாளர்கள் குழப்பும் காரணி என்பார்கள். வறுமை அந்த வகையில் முதல் இடம்.

பாரசிட்டமால் எண்களை எப்படிப் படிப்பது?

பாரசிட்டமால் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஆட்டிசமும் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடும் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் யாரும் சும்மா மாத்திரை விழுங்குவதில்லை. காய்ச்சல், தொற்று, ஒற்றைத்தலைவலி, நாள்பட்ட வலி ஏதாவது இருக்கும். அவையும் அவற்றின் பின்னுள்ள மரபணுக்களும் குழந்தையைப் பாதிக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி, உடன்பிறந்தோரை ஒப்பிடுவது. ஒரே தாய், ஒரே வீடு. ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்தார், மற்றொன்றில் எடுக்கவில்லை. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து 2024இல் வந்த ஆய்வு இதைச் செய்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது ஆட்டிச அபாய விகிதம் 1.05, அதாவது 5 விழுக்காடு கூடுதல். உடன்பிறந்தோருக்குள் பார்த்தபோது 0.98. தொடர்பு காணாமல் போனது.

இந்த ஆய்வுக்கும் பலவீனம் உண்டு. பதிவேட்டின்படி மருந்து எடுத்தவர்கள் சுமார் 7.5 விழுக்காடுதான். நிஜத்தில் கர்ப்பிணிகள் எடுப்பது இதைவிடப் பல மடங்கு அதிகம் என்று மற்ற ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்தவர்களில் பலர் எடுக்காதவர் பட்டியலில் போயிருந்தால் சிறு விளைவு மறைந்துவிடக்கூடும். இருந்தாலும் வால்ப்ரோயேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு, அளவோடு கூடும் விளைவு, தெரிந்த வேதிவழி. இங்கே ஐந்து விழுக்காடு, ஒப்பீட்டை இறுக்கினால் அதுவும் கரைகிறது. இரண்டையும் "ஆட்டிசத்தோடு தொடர்பு" என்ற ஒரே தலைப்பில் போடுவதுதான் செய்தியின் கோளாறு.

நோயும் ஒரு பாதிப்புதான்

மருந்தை நிறுத்தினால் ஆபத்து பூச்சியமாகிவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் கடும் காய்ச்சலுக்கே நரம்புக்குழாய்க் குறையோடு தொடர்பு உண்டு. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து தாயும் சிசுவும் உயிரிழக்கலாம். வால்ப்ரோயேட் எடுக்கும் பெண் செய்ய வேண்டியது, கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி லாமோட்ரிஜின் போன்ற வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று பார்ப்பது. தானாக நிறுத்துவது அல்ல. நரம்புக்குழாய்க் குறையைத் தவிர்க்க உதவும் ஃபோலிக் அமிலமும் தினமும் 400 மைக்ரோகிராம் என்று கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டியது. 28ஆம் நாள் கணக்கு நினைவிருக்கட்டும்.

1979 முதல் அமெரிக்காவில் கர்ப்ப கால மருந்துகளுக்கு ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துத் தரம் இருந்தது. பரீட்சை மதிப்பெண் போல அதைப் பார்த்தவர்கள் தவறாகவே புரிந்துகொண்டார்கள். தரவே இல்லாத மருந்தும் ஓரளவு தீங்கு தெரிந்த மருந்தும் ஒரே எழுத்தின்கீழ் வந்தன. 2015 முதல் அந்த முறையைக் கைவிட்டு, என்ன தெரியும், எதிலிருந்து தெரியும், நோயைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று வாக்கியங்களாக எழுதச் சொல்கிறார்கள்.

ஏன் இன்னும் இவ்வளவு இடைவெளி?

தாலிடோமைடுக்குப் பிறகு ஏற்பட்ட அச்சத்தில், கருத்தரிக்கக்கூடிய பெண்களையே ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொல்லி 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டியது. 1993இல்தான் அதை மாற்றினார்கள். கர்ப்பிணிகள் இன்றும் பெரும்பாலும் வெளியேதான். ஆகவே மருந்து சந்தைக்கு வந்தபின், பதிவேடுகளில் ஒவ்வொரு பிரசவமாகச் சேர்த்துத்தான் உண்மை தெரிகிறது.

மருந்துக்காவது இந்த அளவுக்குச் சோதனை. தொழிற்சாலை வேதிப்பொருள்களின் நிலை மோசம். அமெரிக்காவின் 1976 நச்சுப்பொருள் சட்டம், அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 பொருள்களைச் சோதனை கேட்காமலே உள்ளே விட்டது. தரவு கொடுத்தால்தான் சந்தை என்ற விதியை ஐரோப்பா 2007இல் கொண்டுவந்தது. அதிலும் வளரும் மூளைக்கான தனிச் சோதனை எல்லாப் பொருளுக்கும் கட்டாயமில்லை. பூச்சியின் நரம்பைத் தாக்கவென்றே உருவான குளோர்பைரிஃபாஸ், அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து 2001இல் விலக்கப்பட்டது. ஐரோப்பாவில் 2020இல் தடை. அமெரிக்காவில் உணவுப் பயிர்களுக்கு 2021இல் வந்த தடையை 2023இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவியல் ஒரு வேகத்தில் போகிறது, சட்டம் அதன் வேகத்தில்.

வளரும் மூளைக்கான சோதனை முறை இல்லாமல் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் 426ஆம் வழிகாட்டி 2007இல் வந்தது. கருவுற்ற எலிகளுக்குப் பொருளைக் கொடுத்து, குட்டிகளின் மூளையையும் நடத்தையையும் மாதக்கணக்கில் அளக்க வேண்டும். செலவு மிக அதிகம் என்பதால் அரிதாகவே செய்யப்படுகிறது. எலி எப்போதும் மனிதனைப் போல நடந்துகொள்வதுமில்லை; தாலிடோமைடின் கருத்தீங்கை எலிகள் மனிதரைப் போலக் காட்டுவதில்லை. இதற்கு மாற்றாக மனித நரம்பணுக்களைத் தட்டில் வளர்த்து, அவை பெருகுகின்றனவா, நகர்கின்றனவா, இழை விடுகின்றனவா, சினாப்சு அமைக்கின்றனவா என்று ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பார்க்கும் சோதனைத் தொகுப்புக்கு 2023இல் அதே அமைப்பு முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பொருள்களை வடிகட்ட இது உதவும். ஆனால் தட்டில் உள்ள அணுவுக்கு நஞ்சுக்கொடி கிடையாது, தாயின் கல்லீரல் கிடையாது, ஆறு வயதில் எழுதும் ஐக்யூ தேர்வும் கிடையாது. அங்கே சிக்கும் பொருளை அடுத்த கட்டச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சிக்காததைப் பாதுகாப்பானது என்று முத்திரை குத்திவிட முடியாது.